பழைய டூ-ஸ்ட்ரோக் டேர்ட் பைக் (மண்பாதை பைக்): வாங்கும்போதும் மாற்றும்போதும்

சுசுக்கி டிஎஸ்185 காற்றால் குளிர்வது. பாகம் குறைவு, வேலை சுலபம். யமஹா டிடி200ஆர் தண்ணீரால் குளிர்வது. எக்ஸோஸ்ட் வாயிலின் உயரத்தை ஆர்பிஎம்முக்கு ஏற்ப மாற்றும் வைபிவிஎஸ் வால்வு இருப்பதால் மேல் ஆர்பிஎம்மில் நன்றாக இழுக்கும். ஆனால் அந்த வால்வில் கரி பிடித்தால் இழுவை போய்விடும். கொழும்பு நெரிசலில் ஊர்ந்து ஓட டிடிதான் நல்லது, ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால்.

எதை மாற்றுவதற்கும் முன் கிராங்க் சீல்களை (கிராங்க் தண்டின் இரு பக்கமும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) பாருங்கள். மெக்னெட் (மின்சாரம் தரும் பகுதி) பக்கச் சீல் கசிந்தால் காற்றை இழுத்து ஐட்லிங் தானாக ஏறும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஒயில் குறையும், வெள்ளைப் புகை வரும். இதை விட்டுவிட்டு ஜெட்டில் (கார்பரேட்டரில் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு) கைவைப்பது வீண் வேலை.

சைலன்சரையோ ஃபில்டரையோ மாற்றினால் மெயின் ஜெட்டை இரண்டு அளவு கூட்டித் தொடங்குங்கள். முழு த்ரொட்டிலில் ஓடி, கிளட்ச் பிடித்து எஞ்சினை நிறுத்தி பிளக்கைக் கழற்றுங்கள். பால்தேநீர் நிறம் சரி. வெள்ளை என்றால் பெற்றோல் போதாது, பிஸ்டன் சூடாகி சிலிண்டரில் இறுகிவிடும். நுவரெலியாவுக்குச் சரிசெய்த ஜெட் கடல்மட்டக் கொழும்பில் போதாமல் போகும்.

எஞ்சினுக்குத் தானாக ஒயில் விடும் பம்பைக் கழற்றிவிட்டால் 5 லீற்றர் பெற்றோலுக்கு சுமார் 156 மில்லிலீற்றர் டூ-ஸ்ட்ரோக் ஒயில் கலக்குங்கள் (32:1). கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பிஸ்டன் வாங்கும்போது பழையதையும் கொண்டுபோய், பிஸ்டன் பின் (pin) போகும் துளையின் உயரத்தை ஒப்பிடுங்கள்.