பிள்ளை மாத்திரை எடுக்கிறானோ என்று சந்தேகமா? முதலில் அட்டையை எண்ணுங்கள்

போன மாதம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த அரை அட்டை மாத்திரையைக் கவுண்டரில் வைத்து, "இது என்ன மாத்திரைங்க?" என்று பக்கத்தில் நின்றவருக்குக் கேட்காத குரலில் கேட்டார். பத்தாம் வகுப்பு மகனின் பேண்ட்டைத் துவைக்கப் போட்டபோது கிடைத்ததாம். வாங்கிப் பார்த்தால் செட்டிரிசின். தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுப்பது. ஆனால் அவர் அதற்குள் மகனை அடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

மருந்துக்கடையில் 18 வருஷமாக நிற்கிறேன். இப்படி வருகிற பெற்றோருக்கு நான் சொல்லும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவசரம்

பிள்ளையை உலுக்கினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் மேலே படிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, மூச்சு இருந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். "தூங்கி எழுந்தால் தெளிஞ்சிரும்" என்று விடக் கூடாது. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். கிடக்கும் காலி அட்டைகளை எல்லாம் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பாராசிட்டமால் நிறைய விழுங்கியிருக்கலாம் என்று தோன்றினால், பிள்ளை நன்றாக இருந்தாலும் உடனே போக வேண்டும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, கல்லீரல் பிறகுதான் காட்டும். அதை முறிக்கும் மருந்து உண்டு. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும்.

படி 1: வீட்டு மருந்தை எண்ணுங்கள்

வெளியே தேடுவதற்கு முன் வீட்டு அலமாரியைத் திறங்கள். தாத்தாவின் தூக்க மாத்திரை, அம்மாவின் முதுகுவலி மாத்திரை, போன வருஷ அறுவை சிகிச்சையில் மிஞ்சியது, பாதி பாட்டில் இருமல் சிரப். ஒரு நோட்டில் பெயர், எண்ணிக்கை, தேதி மூன்றையும் எழுதுங்கள். சிரப் பாட்டிலில் மட்டத்துக்கு நேராகப் பேனாக் கோடு போதும். மூன்று நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். தாத்தா மறந்துபோய் இரண்டு தடவை போட்டிருக்கலாம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் சிவப்பில் 'என்ஆர்எக்ஸ்' (NRx) என்ற குறி இருந்தால் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து. பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம், வலிக்குக் கொடுக்கும் டிரமடால் போன்றவை அந்த வகை. அவற்றைப் பூட்டி வையுங்கள், இன்றைக்கே.

அட்டையில் பெயர் இல்லாமல் துண்டாகக் கிடைத்தால் அதுவே குற்றச்சாட்டு ஆகாது. சில்லறையாகக் கேட்டால் பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி உள்ள பக்கத்தைக் கடையில் வைத்துக்கொண்டு மீதியைத்தான் வெட்டிக் கொடுப்போம். அதை உங்களுக்குப் பழக்கமான மருந்துக்கடையில் காட்டிக் கேளுங்கள்.

படி 2: ஒரு வாரம் கவனியுங்கள்

பகலில் அளவுக்கு மீறிய தூக்கம், குழறும் பேச்சு, வெளிச்சம் குறைந்த அறையிலும் குண்டூசித் தலைபோல் சுருங்கிய கண்மணி, விடாத மலச்சிக்கல், காணாமல் போகும் சில்லறை. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இரவு இரண்டு மணி வரை போன் பார்க்கிற பிள்ளையும் பகலில் தூங்கி வழியத்தான் செய்யும். ஆனால் சர்க்கரை நோயாளி இல்லாத வீட்டில் இன்சுலின் சிரிஞ்ச் கிடைத்தால் ஒரு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. பெற்றோர் நினைப்பது போதை மட்டும். நான் பார்ப்பதில் பாதி அது இல்லை. பரீட்சைக்கு விழித்திருக்க ஒன்று, பிறகு தூங்க ஒன்று. தினம் தலைவலி மாத்திரை போடும் பெண் பிள்ளை. "உடம்பு தேற" என்று யாரோ சொன்னார்கள் என டெக்சாமெத்தசோன் போட்டு முகம் உப்பிப்போன பையன். அது ஸ்டீராய்டு என்று அவனுக்கே தெரியாது. இதுவும் தவறான பயன்பாடுதான், ஆனால் போலீஸ் தோரணையில் கேட்க வேண்டிய விஷயமா?

படி 3: போதை மருந்தைக் கண்டுபிடிக்கும் சிறுநீர்ச் சோதனை கிட் வாங்க ஓடாதீர்கள்

நானே விற்பவன், நானே சொல்கிறேன். அபின் வகைக்கான சாதாரணச் சோதனையில் டிரமடாலோ, அதேபோல் வலி மருந்தான டாபென்டடாலோ சிக்காது. இந்தப் பக்கம் பார்த்தால், கசகசா அரைத்து ஊற்றிய குருமாவே சில சமயம் 'பாசிட்டிவ்' காட்டிவிடும். சோதனை வேண்டுமா, எந்தச் சோதனை என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

படி 4: பேசுங்கள்

பெற்றோரில் ஒருவர் மட்டும் பேசுங்கள். சித்தப்பாவையும் டியூஷன் மாஸ்டரையும் கூட்டி வைத்துப் பஞ்சாயத்து வேண்டாம். அவன் மயக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். பைக்கில் போகும்போதோ சாப்பிட்ட பிறகு மொட்டைமாடியிலோ, முகத்துக்கு முகம் பார்க்காத இடம் நல்லது.

"மாத்திரை எடுத்தியா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு" என்றால் பொய்ச் சத்தியமும் சேர்ந்து வரும். எண்ணியதைச் சொல்லித் தொடங்குங்கள்:

"தம்பி, தாத்தா மாத்திரையில நாலு குறையுது. திட்டுறதுக்குக் கேக்கலை. நீ சரியா தூங்குறியான்னுதான் எனக்குக் கவலை."

அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். ஐந்து நிமிஷம் பேச்சில்லாமல் போனாலும் நீங்கள் நிரப்பாதீர்கள். ஒப்புக்கொண்டால் மூன்று கேள்வி போதும்: என்ன மருந்து, எத்தனை நாளாக, எதற்காக. யார் கொடுத்தார்கள் என்பது இரண்டாம் நாள் கேள்வி. முதல் நாளே கேட்டால், நண்பனைக் காப்பாற்ற வாய் மூடிக்கொள்வான். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஜாடையாகச் சொன்னாலும் அன்றிரவு அவனைத் தனியாக விடாதீர்கள்.

படி 5: நீங்களாக நிறுத்தாதீர்கள்

பிடுங்கி எறிந்துவிட்டு "இன்னையோட விட்டுடு" என்பது வீரமாகத் தெரியும். பல வாரம் தினமும் அல்பிரசோலம் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஸ்டீராய்டையும் வாரக்கணக்கில் போட்ட பின் சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர்தான் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நோட்டையும் அட்டையையும் கொண்டு போங்கள். மருத்துவரோடு பிள்ளை தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். போக யோசனையாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 இருக்கிறது.

"கேஸ் ஆயிடுமா சார்?" என்று எல்லோரும் கேட்பார்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 6: சந்தேகம் பொய்யானால்

மன்னிப்புக் கேளுங்கள். "உன் நல்லதுக்குத்தான்" என்ற வால் ஒட்டாமல்.

அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "தும்மிக்கிட்டே இருப்பான், நான்தான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகலை" என்றார். பிறகு, பக்கத்தில் நல்ல அலர்ஜி டாக்டர் யார் என்று கேட்டு அதே கைக்குட்டையின் ஓரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.