'வேணும்னே செஞ்சாரா?' என்று தமிழில் கேட்கும்போது எங்கே சறுக்குகிறோம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடையில் ஒரு கதையைச் சொல்லிப் பார்த்தேன். புதுத் திட்டத்தால் லாபம் வரும், ஆனால் சுற்றுச்சூழல் கெடும் என்று கம்பெனித் தலைவரிடம் சொல்கிறார்கள். "சுற்றுச்சூழலைப் பத்தி எனக்குக் கவலையில்ல, லாபம் வந்தா சரி" என்கிறார். சொன்னபடியே கெடுகிறது. வேண்டுமென்றே கெடுத்தாரா?

இது ஜோஷுவா நோப் என்ற தத்துவ ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வுக் கதை. மன்ஹாட்டன் பூங்காவில் கேட்கப்பட்டவர்களில் 82 விழுக்காட்டினர் 'ஆம்' என்றார்கள். 'கெடும்' என்பதை 'மேம்படும்' என்று மாற்றி வேறு ஆட்களிடம் கேட்டால், வேண்டுமென்றே மேம்படுத்தினார் என்றவர்கள் வெறும் 23 விழுக்காடு. தலைவரின் மனசு இரண்டு கதையிலும் ஒன்றுதான்.

நான் செய்த முதல் தவறு சொல்லில். 'வேணும்னே' என்றாலே நம் காதில் பாதிச் சண்டை கேட்கிறது. "வேணும்னே கால மிதிச்சான்" சரி. "வேணும்னே சோறு வாங்கிக் குடுத்தான்" என்று சொல்லிப் பாருங்கள், சோற்றில் என்ன கலந்தான் என்று கேட்பார்கள். நல்ல விளைவோடு அந்தச் சொல் ஒட்டாதபோது, 'இல்லை' என்ற பதில் கதைக்கா, சொல்லுக்கா? தே கலக்குகிற அண்ணன் சட்டென்று பிடித்தார்: "தெரிஞ்சேதான் செஞ்சான், வேணும்னே செய்யல. ரெண்டும் ஒன்னா தம்பி?" அதன்பிறகு இரண்டு சொல்லையும் தனித்தனியாகக் கேட்கிறேன். ஆனாலும் பழி முழுவதையும் சொல்லின் மேல் போட முடியாது. நோபும் அருத்ர புர்ராவும் 2006-இல் ஹிந்தி பேசுவோரிடம், நம் 'தெரிஞ்சே' போல அறிதலிலிருந்து பிறந்த சொல்லைப் போட்டுக் கேட்டார்கள். கெட்டதுக்கு 'ஆம்', நல்லதுக்கு 'இல்லை' என்ற சாய்வு அப்படியே இருந்தது.

அடுத்தது, இரண்டு கதையையும் ஒரே ஆளிடம் கேட்டது. முதலில் சொன்னதோடு முரண்படக் கூடாதே என்று அவர் பதிலை நேராக்கிவிடுவார். ஒரு கதைக்கு ஒரு கூட்டம் என்று பிரித்துவிடுங்கள். நாலு மேசையில் கேட்டுவிட்டு 'தமிழர்கள் இப்படித்தான்' என்று எழுதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

'கெட்டது நடந்ததால் ஆளைத் திட்டுகிறார்கள், அவ்வளவுதான்' என்று முடிப்பதும் அவசரம். எடுவார்ட் மஷெரி என்ற இன்னொரு தத்துவ ஆய்வாளர் 2008-இல் வேறு கதை கேட்டார். பெரிய பானம் வாங்க வந்தவரிடம் விலை ஒரு டாலர் ஏறிவிட்டது என்கிறார்கள்; அவர் கவலைப்படாமல் வாங்குகிறார். அந்த டாலரை வேண்டுமென்றே கொடுத்தார் என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். பானத்தோடு இலவசக் கோப்பை கிடைக்கும் என்று கதையை மாற்றினால், கோப்பையை வேண்டுமென்றே வாங்கினார் என்றவர்கள் பாதிக்கும் குறைவு. டாலர் கொடுப்பதில் பாவமில்லை, அது ஒரு செலவு, தெரிந்தே ஏற்கிறோம் என்பது மஷெரி தரும் விளக்கம். எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் அல்ல. எனக்கென்னவோ பாதி உண்மை என்றே படுகிறது.

இதையும் அண்ணனிடம் கேட்டேன், தே ஐஸ் 50 காசு ஏறியதாக வைத்து. சிரித்தார். "நீங்க வேணும்னே குடுக்கல. நாந்தான் வேணும்னே ஏத்தினேன்."