எண்ணெய்க் குளியலுக்கு முன் உடம்பு பிடித்துவிடும் முறை

காரைக்குடிப் பக்கம் செக்கெண்ணெய்க்கும் அரைத்த சீயக்காய்க்கும் இன்றும் பஞ்சமில்லை. எண்ணெய் தேய்த்துவிடத் தெரிந்த கைதான் குறைந்துவிட்டது. உச்சியில் கொஞ்சம், முதுகில் கொஞ்சம் என்று பூசிவிட்டு வெந்நீர் ஊற்றினால் தோல் வறட்சி குறையும், அவ்வளவே. இறுகிய தசை இளக வேண்டுமானால் எந்தப் பிடியை எங்கே, எந்த வரிசையில் போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் இடம். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) எண்ணெய் சிந்தினால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். சொரசொரப்பான தரை உள்ள பின்கட்டுதான் நல்லது. கோரைப்பாய், அதன்மேல் நாலாக மடித்த ஜமுக்காளம், மேலே பழைய பருத்தி வேட்டி ஒன்று. குப்புறப் படுப்பவருக்கு நெற்றிக்கும் கணுக்காலுக்கும் அடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். அது இல்லாவிட்டால் கழுத்து ஒருபக்கமாகத் திரும்பியே கிடந்து, முதுகுவலிக்குப் படுத்தவர் கழுத்துவலியோடு எழுந்திருப்பார்.

பெரியவர் ஒருவருக்குத் தலை முதல் கால் வரை 60 முதல் 80 மில்லி நல்லெண்ணெய் போதும். முதுகுக்கு மட்டும் என்றால் 20 மில்லி. மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சுவது உங்கள் வீட்டு வழக்கமானால், 100 மில்லிக்கு அரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடலாம். புகை வந்துவிட்டால் அந்த எண்ணெய் கருகிவிட்டது என்று அர்த்தம், உடம்புக்கு ஆகாது. ஆறியபின் வடிகட்டியே தீர வேண்டும். மிளகுத் துணுக்கு தோலைக் கீறும். தேய்க்கும் நேரத்தில் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, ஒரு சொட்டை மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுருக்கென்று இருக்கக் கூடாது.

தொடக்கம் எப்போதும் நீவுதல். உள்ளங்கை முழுவதும் தோலோடு படிந்திருக்க, முதுகெலும்புக்கு இருபுறமும் இடுப்பிலிருந்து தோள் வரை மெதுவாக ஏற்றி, பக்கவாட்டில் லேசாக இறக்குங்கள். ஒரு ஏற்றத்துக்கு ஐந்தாறு நொடி, இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. எலும்பின் மேலேயே அழுத்தக் கூடாது. கை கால்களில் நுனியிலிருந்து நெஞ்சை நோக்கி ஏற்றும்போது அழுத்தம், திரும்பும்போது வெறும் தொடுதல். ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் திசை அதுதான். படுத்திருப்பவரின் மூச்சு நீளமாகிவிட்டால் அடுத்த பிடிக்குப் போகலாம்.

கெண்டைக்கால், தொடை, தோள்பட்டை போன்ற சதைப்பிடிப்பான இடங்களுக்குப் பிசைதல். பூரி மாவைப் பிசைவது போல உள்ளங்கையாலும் விரல்களாலும் சதையை எலும்பிலிருந்து சற்றுத் தூக்கி, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுங்கள். விரல் நுனியால் பிடித்தால் கிள்ளுவதாகிவிடும். எண்ணெய் அதிகமானால் சதை பிடிபடாமல் நழுவும், துண்டால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடருங்கள். நாள் முழுக்க நின்று சமைப்பவர்களுக்கும், நாற்காலியை விட்டு எழாமல் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் விறைப்பு விட இந்தப் பிடியே பெரும்பாலும் போதும்.

அடுத்தது அழுத்தல். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே தடவினால் பட்டாணி அளவில் முடிச்சு போல ஒன்று கையில் படும். அதன்மேல் பெருவிரலை வைத்து, மூட்டு மடங்காமல் நேராக, மறு கையின் விரலைத் துணைக்கு வைத்து, உங்கள் உடல் எடையை மெல்லச் சாயுங்கள். 30 முதல் 60 நொடி பிடித்துவிட்டு மெதுவாக எடுங்கள். விரல் பலத்தால் அழுத்தினால் சீக்கிரமே உங்கள் பெருவிரல் மூட்டு வலிக்க ஆரம்பிக்கும். வலிக்குப் பத்து மதிப்பெண் என்றால் நான்கைந்துக்கு மேல் போகக் கூடாது. பல்லைக் கடிக்கிறார், மூச்சை அடக்குகிறார் என்றால் அழுத்தம் மிஞ்சிவிட்டது. அந்த வலிக்கு எதிராகத் தசை மேலும் இறுகும். ‘வலிச்சாத்தான் சரியாகும்’ என்ற பேச்சை நம்பி ரத்தம் கட்டிக்கொண்டவர்கள் நிறைய.

தட்டுதல் கடைசியில், ஒரு நிமிடம். கையைக் குழித்து, மணிக்கட்டைத் தளர்த்தி, மேல்முதுகிலும் தொடையிலும் மட்டும். விலா எலும்புக்குக் கீழே சிறுநீரகம் இருக்கும் பகுதி, முதுகெலும்பு, முழங்காலின் பின்பக்கம் மூன்றையும் விட்டுவிடுங்கள். இது உடம்பைச் சுறுசுறுப்பாக்கும் பிடி. தூக்கத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் தட்டாமல், மறுபடி நீவி முடியுங்கள்.

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். அழுத்தல், தட்டல், அசைத்தல், முறுக்கல், இழுத்தல் உட்பட ஒன்பது வகை சொல்வார்கள். முறுக்கலும் இழுத்தலும் பயின்ற மருத்துவர் கைக்கு உரியவை, வீட்டில் வேண்டாம். சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைப் படக்கென்று திருப்பிச் சொடுக்கெடுப்பதும் வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்பின் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அந்தத் திருப்பலில் கிழியலாம், பக்கவாதம் வரை போகும். கழுத்தின் முன்பக்கத்தை யாருக்கும் அழுத்தக் கூடாது.

கணுக்கால் பிசகியதும் சுளுக்கு உருவ உட்கார்ந்துவிடுவதும் தவறு. முதல் இரண்டு மூன்று நாள் உருவினால் வீக்கம் கூடும். காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருந்து, பிசையும்போது அந்தக் கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், தோல் புண், சுருண்ட நரம்பு உள்ள இடம் எதிலும் கை வைக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், எலும்பு தேய்ந்த ஆச்சிகளுக்கும் நீவுதலோடு நிறுத்துங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு எண்ணெயின் சூட்டை உங்கள் கையில்தான் பார்க்க வேண்டும், அவர்களுக்குச் சூடு தெரியாது.

கைக்குழந்தைக்கு நீவுதல் ஒன்றே போதும், அதுவும் தோல் நகரும் அளவுக்கு. பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். உச்சிக்குழியை அழுத்தாதீர்கள். மூக்கை நீவினால் எடுப்பாகும், தலையைப் பிடித்தால் உருண்டையாகும் என்று சொல்வதில் உண்மை இல்லை. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை எந்தப் பெரியவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும்.

தசை விறைப்பு, உழைத்த களைப்பு, மனப்பதற்றம், தூக்கமின்மை, சிலவகை இடுப்புவலி இவற்றுக்கு மசாஜ் கைகொடுக்கும். இடுப்புவலியில் கிடைக்கும் ஆறுதல் சில நாட்களுக்குத்தான். நடையும் பயிற்சியும் சேர்ந்தால்தான் நிலைக்கும். கொழுப்பைக் கரைக்கும், கெட்ட நீரை வெளியேற்றும் என்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

முடித்ததும் சட்டென்று எழுப்பாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உட்கார வைத்து, இரண்டு நிமிடம் கழித்து நிற்கவிடுங்கள், இல்லாவிட்டால் தலை சுற்றும். பாதத்து எண்ணெயைத் துடைத்த பிறகே குளியலறைக்கு நடக்க வேண்டும். 20 நிமிடம் ஊறியபின் வெந்நீரும் சீயக்காயும். மறுநாள் லேசான வலி இருந்தால் பரவாயில்லை, அது ஓரிரு நாளில் போகும். தோலில் நீலம் பாரித்திருந்தால் அடுத்த வாரம் அழுத்தலை விட்டுவிட்டு நீவுதலும் பிசைதலும் மட்டும் செய்யுங்கள்.