குழந்தைக் கட்டில் மெத்தைக்கு நீர் புகா உறை: தேர்வும் பராமரிப்பும்

உறை வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது, ஈரம் இறங்குமா இறங்காதா என்றுதான். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, உறை மெத்தையோடு இறுகப் படிந்து கிடக்குமா என்பது. சிறுநீர் இறங்கினால் கெடுவது மெத்தை. உறை கழன்று சுருண்டால் அது குழந்தையின் மூக்கருகே வரும். அதனால் மெலிதாக, இறுக்கமாக இருப்பதை எடுங்கள். பஞ்சு வைத்துத் தைத்த 'மெத்துமெத்து' உறை ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வேண்டாம்.

கடைக்குப் போகும் முன் மெத்தையை அளந்துகொள்ளுங்கள். அதிகம் புழங்கும் அளவு 120க்கு 60 செ.மீ.; பெரிய கட்டில்களுக்கு 140க்கு 70. தச்சரிடம் சொல்லிச் செய்த கட்டிலானால் இரண்டும் பொருந்தாமல் போகலாம். பலர் அளக்க மறப்பது மெத்தையின் உயரத்தை. 10 செ.மீ. உயர மெத்தைக்கு உறையின் பக்கத்துணி 15 செ.மீ. ஆவது இருக்க வேண்டும். மிச்சம் மெத்தைக்கு அடியில் மடிந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். நான்கு மூலையில் மட்டும் எலாஸ்டிக் வைத்தது, குழந்தை புரளத் தொடங்கியதும் நடுப்பகுதியில் மேலேறும். சுற்றிலும் எலாஸ்டிக் உள்ளதே நல்லது. பருத்தித் துணி முதல் துவையலில் கொஞ்சம் சுருங்கும் என்பதால், துவைத்த பிறகே மாட்டிப் பாருங்கள். மிக இறுக்கமாகிவிட்டால் மெல்லிய ஃபோம் மெத்தையின் மூலைகள் மேலே வளையும், கட்டில் சட்டத்தோரம் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் அந்த உறை ஆகாது.

அடுத்தது துணி. மேலே டவல் துணியோ பின்னல் பருத்தியோ, அடியில் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது நம் ஊர் வெக்கைக்கு ஏற்றது. அந்தப் படலம் தண்ணீரைத் தடுக்கும்; வியர்வையின் ஆவியை ஓரளவு வெளியே விடும். பி.வி.சி. பிளாஸ்டிக்கும் பழைய ரப்பர் ஷீட்டும் ஆவியை விடுவதில்லை. முதுகு நனைந்தே கிடக்கும், வேர்க்குரு வரும். புது மெத்தை சுற்றி வந்த பாலித்தீன் கவரை அப்படியே விட்டு மேலே விரிப்புப் போடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. மெல்லிய பாலித்தீன் முகத்தில் ஒட்டினால் குழந்தையால் விலக்க முடியாது, மூச்சு முட்டும். வீட்டுக்கு வந்ததும் அதைக் கிழித்து எறியுங்கள்.

நம் வீடுகளில் பரவலாக இருக்கும் டிரை ஷீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்மடியிலும், டயப்பர் மாற்றும் இடத்திலும் அது அருமையான பொருள். கட்டிலில் தளர்வாக விரித்தால் குழந்தை காலால் உதைத்துச் சுருட்டிவிடும். நான்கு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் உறைக்கு மாற்றாக அதை வைக்காதீர்கள். மெத்தை இலவம் பஞ்சாக இருந்தால் உறையை மாற்றிப் பயனில்லை; குழந்தை அதில் புதையும். ரப்பர் பூசிய தென்னை நார் மெத்தையோ கெட்டியான ஃபோமோ வேண்டும்.

புது உறையைச் சோதிப்பது எளிது. அடியில் டிஷ்யூ காகிதம் விரித்து, மேலே அரை தம்ளர் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் அழுத்தி அரை மணி நேரம் விடுங்கள். காகிதம் காய்ந்தே இருக்க வேண்டும். தையல் ஓடும் இடத்தில் ஊசித் துளை வழியாகத்தான் முதலில் கசியும், அங்கே தனியாகப் பாருங்கள்.

துவைப்பதில்தான் நல்ல உறைகள் வீணாகின்றன. நனைந்ததும் கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். பால் கக்கியதும் மலக் கறையும் வெந்நீர் பட்டால் நாரில் பிடித்துக்கொள்ளும். புரதம் இறுகுவதே காரணம். என்சைம் உள்ள சோப்புத் தூள் கரைத்த தண்ணீரில் அரை மணி ஊறினால் பெரும்பாலும் போய்விடும். மெஷினில் போடலாமா என்று லேபிளைப் பாருங்கள். போடலாம் என்றால் 40 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஸ்பின் மிகக் குறைந்த வேகத்தில் இருக்கட்டும். நீர் புகாத துணி தண்ணீரைப் பை போலத் தேக்கிக்கொள்ளும். வேகமாகச் சுழலும்போது அந்தப் பாரம் ஒரு பக்கம் சேர்ந்து மெஷினே தூக்கிப் போடும். முறுக்கிப் பிழியாமல் கையால் அழுத்தித் தண்ணீரை வடிப்பது படலத்துக்கும் நல்லது.

துணி மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது. அது டவல் நாரின் மேல் மெழுகுபோலப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். பிறகு சிறுநீர் ஓரமாக வழிந்து ஓடும், உறை ஓட்டை என்று தோன்றும். பிளீச்சிங் பவுடர் படலத்தை அரிக்கும். அம்மோனியா நாற்றம் விடாமல் இருந்தால் கடைசி அலசலில் அரை கப் வெள்ளை வினிகர் சேர்க்கலாம். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

காயப்போடுவது நிழலில். ஒரே கொடியில் மடித்துப் போட்டால் படலமும் படலமும் ஒட்டி உள்ளே ஈரம் நிற்கும். இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே போட்டால் நடுவில் காற்று ஓடும். இஸ்திரிப் பெட்டி பட்டால் படலம் உருகிவிடும். சாதாரண நாளில் இரண்டு உறை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று இருந்தால்தான் ஈர உறையை மாட்டும் நிலை வராது. ஈரத்தோடு மாட்டினால் அடியில் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை உறையைக் கழற்றி மெத்தையைத் தடவிப் பாருங்கள். கட்டிலின் அடிப்பலகை துளையில்லாத பிளைவுட் என்றால் மெத்தையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

அடுத்த குழந்தைக்கென்று எடுத்து வைப்பவர்கள் நன்றாகக் காயவைத்து, தளர்வாகச் சுருட்டி வையுங்கள். வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் சிதைந்து பிசுபிசுக்கும். பாச்சை உருண்டை போடாதீர்கள்: அதிலுள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சிளங்குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிவதில்லை.

திரும்ப எடுக்கும்போது விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடியுங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலோ, படலம் கொப்புளம் போல எழும்பினாலோ, செதிலாக உதிர்ந்தாலோ, எலாஸ்டிக் இழுத்து விட்டதும் சுருங்காமல் நின்றாலோ புதிது வாங்குங்கள்.