பதிந்த கத்தரிக்காயைப் பட்டியலில் காணோம்

வேலூர் லாங் பஜாரில் மாமாவுக்குக் காய்கறிக் கடை. கடன் நோட்டுக்குப் பதிலாக ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் செய்து கொடுத்தேன். ஒரு திரையில் பதிவு, இன்னொன்றில் பட்டியல். முதல் நாளே, "இலவம்பாடி முள்ளு கத்தரி 8 கிலோ போட்டேன், காணோமே மாப்ளே" என்றார். ஆப்பை மூடித் திறந்தால் வருகிறது!

தப்பு என்னுடையதுதான். ஆண்ட்ராய்டில் தகவலைச் சேமிக்க உதவும் ரூம் லைப்ரரியின் டேட்டாபேஸை ஒவ்வொரு திரையிலும் தனித்தனியாக பில்ட் செய்திருந்தேன். ஃபைல் என்னவோ ஒன்றுதான். ஆனால் அப்படி பில்ட் செய்த ஒவ்வொன்றும் தனி இன்ஸ்டன்ஸ்; ஒன்றில் எழுதியது, மாற்றத்தைத் திரைக்குச் சொல்லும் மற்றதன் ஃப்ளோவுக்குத் தெரியாது. நோட்டு ஒன்றே; "எழுதிட்டேன்" என்று குரல் கொடுக்கத்தான் ஆளில்லை. ரூமுக்கு அடியில் இருக்கும் எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பதால், நடுநடுவே 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று வேறு விழுந்தது.

முதலில் பட்டியலையே, திரைக்குத் திரை தகவல் கொண்டுபோகும் இன்டென்டில் அனுப்பிப் பார்த்தேன், வீண் வேலை. அப்புறம் ஆப் முழுக்கப் பொதுவான அப்ளிகேஷன் கிளாஸில் டேட்டாபேஸை ஒரே ஒருமுறை உருவாக்கி, இரண்டு திரைகளுக்கும் தகவல் கொடுக்கும் வியூமாடல்களுக்கு, டேட்டாபேஸில் எழுதவும் படிக்கவும் உதவும் அதே டாவோவைக் கொடுத்தேன். பதிந்த கையோடு வரி வந்து நிற்கிறது. மாமா இன்னும் நோட்டிலும் எழுதுகிறார், அது வேறு கதை. பழைய கோடில், திரை அழியும்போது ஓடும் ஆன்டெஸ்ட்ராயில், டேட்டாபேஸை மூடும் ஒரு குளோஸ் கிடந்தது. பொதுவான டேட்டாபேஸை ஒரு திரை மூடினால் மற்றது படுத்துவிடும் என்று அதையும் எடுத்துவிட்டேன்.