புற்றுநோய் சிகிச்சைக் காலத்தில் மூச்சும் உடல் வலுவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீமோதெரபி தொடங்கிய வீட்டில் முதலில் குறைவது சிகிச்சை பெறுபவரின் நடமாட்டம்தான். தண்ணீர்த் தம்ளர் கட்டிலுக்கே வந்துவிடுகிறது. கடைக்குப் போவது, துணி உலர்த்துவது, மாடிக்கு ஏறுவது எல்லாம் ஒவ்வொன்றாக மற்றவர்கள் கைக்குப் போய்விடுகின்றன. குடும்பத்தார் அன்பினால்தான் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் சில வாரங்கள் கழித்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும்போது, நோயும் மருந்தும் மட்டுமே அதற்குக் காரணம் என்று முடிவு செய்து ஓய்வை மேலும் கூட்டிவிடுகிறார்கள். படுக்கையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

நடக்காத காலின் தசை மெலிகிறது. மெலிந்த தசை, முன்பு எளிதாகச் செய்த வேலையிலேயே சீக்கிரம் களைத்துப்போய், இதயத்தையும் நுரையீரலையும் கூடுதலாக உழைக்க வைக்கிறது. மூச்சு இரைத்ததும் பயம் வருகிறது, பயந்தவர் உட்கார்ந்துவிடுகிறார், உட்கார்ந்ததால் தசை இன்னும் மெலிகிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களே முழு ஓய்வைத்தான் பரிந்துரைத்தார்கள். 2010-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற மருத்துவ அமைப்பு கூட்டிய நிபுணர் குழு, புற்றுநோயாளிகள் அசையாமல் இருப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவித்தது. 2019-இல் வந்த அடுத்த வழிகாட்டுதல் அளவையும் சொன்னது: வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 30 நிமிடம் மிதமான நடை போன்ற பயிற்சி, அதனுடன் வாரம் இரண்டு முறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. சோர்வு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை இதனால் குறைகின்றன என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. குணமாக்கும் நோக்கத்துடன் சிகிச்சை நடக்கும் காலத்திலேயே உடற்பயிற்சியைப் பரிந்துரைக்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோவும் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

இந்த அளவை முதல் நாளிலேயே எட்ட முயல்வதும் தவறுதான். ஐந்து நிமிட நடையில் தொடங்கி, நாளில் இரண்டு மூன்று முறையாகப் பிரித்துச் செய்து, மெல்லக் கூட்டினால் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு சற்றுக் கூடியிருக்க வேண்டும். மிதமான வேகத்தை அறிய இதைவிட எளிய அளவுகோல் இல்லை. கீமோவுடன் தரப்படும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தால் முதல் இரண்டு மூன்று நாட்கள் சிலருக்கு நல்ல தெம்பு இருக்கும். அந்தத் தெம்பை நம்பி வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்பவர்கள், மருந்தின் வேகம் அடங்கியதும் நாள்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் தவிக்கிறார்கள். நல்ல நாளில் சற்றுக் குறைத்தும், சோர்வான நாளில் சிறிதளவாவது அசைந்தும் இருப்பதே தொடர்ந்து நடக்க உதவும்.

வீடுகளில் நடக்கும் இன்னொரு தவறைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னதும் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்க்கிறார்கள். 98 என்று காட்டுகிறது. "ஒன்றுமில்லை, மனப்பயம்தான்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்ஸிஜனைச் சுமக்கிறது என்பதை மட்டுமே அந்தக் கருவி காட்டும். மொத்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. கீமோவால் ஹீமோகுளோபின் 12-இலிருந்து 7-க்கு இறங்கிய ஒருவருக்கும் அது 98 என்றே காட்டக்கூடும். அவருக்கு வரும் மூச்சிரைப்பு உண்மையானது, இரத்தப் பரிசோதனையில்தான் அதன் காரணம் தெரியும். எனவே ஆக்ஸிமீட்டரின் எண் சரியாக இருக்கிறது என்பதற்காக, சிகிச்சை பெறுபவரின் சொல்லை ஒருபோதும் ஒதுக்கிவிடக் கூடாது. மறுபக்கம், மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலும் விரல் குளிர்ந்திருந்தாலும் எண் தவறாக வரலாம்.

இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கோப்பில் வைத்துவிட்டு, அன்றாடப் பயிற்சியை அதைப் பார்க்காமலே தீர்மானிப்பதும் சரியல்ல. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழ் இருக்கும்போது கடும் பயிற்சி கூடாது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 50,000-க்குக் குறைந்தால் எடை தூக்குவதையும், விழுந்து அடிபடக்கூடிய பயிற்சிகளையும் நிறுத்தி, எந்த அளவு அசையலாம் என்று மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்க வேண்டும். வெள்ளையணுக்கள் குறைந்த நாட்களில் கூட்டமான ஜிம்மும் பொது நீச்சல் குளமும் வேண்டாம். வீட்டு முற்றமோ மொட்டை மாடியோ போதும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பயிற்சியை மட்டும் நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பது ஆபத்து. உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சி என்றாலே நல்லதுதானே என்று எதையும் செய்துவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகளும், நீண்ட நேரம் மூச்சை அடக்கும் கும்பகமும் மார்பிலும் வயிற்றிலும் அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை. வயிற்றிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை முடிந்து புண் ஆறாதவர்களும், தட்டணு குறைந்தவர்களும், மூளையில் கட்டி உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது. மூச்சிரைக்கும்போது அவசர அவசரமாக உள்ளே இழுக்க முயல்வதும் பயனளிக்காது. தோள்களைத் தளர்த்தி, சற்று முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து மெல்ல வெளியே விட்டால், அடுத்த மூச்சு தானாகவே ஆழமாக வரும். முகத்தில் படும்படி சிறு கைவிசிறியை வைத்துக்கொள்வது பலருக்கு இரைப்பு உணர்வைத் தணிக்கிறது. கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் காற்றுபடும்போது அங்குள்ள நரம்பு தரும் குளிர்ச்சி உணர்வே அதற்குக் காரணம்.

அறுவை சிகிச்சைக்குப் பின் தரப்படும் மூன்று பந்துக் கருவியைப் பலர் ஊதுகிறார்கள். அது உள்ளே இழுப்பதற்கானது. பந்துகளைச் சட்டென்று மேலே எற்றுவதில் பயனில்லை. நிதானமாக இழுத்து, ஓரிரு நொடிகள் பந்து மேலே நிற்கும்படி செய்தால்தான் நுரையீரலின் அடிப்பகுதி விரியும்.

மார்பக அறுவை சிகிச்சை முடிந்த பெண்களிடம், கை வீங்கிவிடும் என்று பயந்து, அறுவை நடந்த பக்கத்துக் கையால் எதையும் தூக்கவே கூடாது என்று ஆயுளுக்கும் தடை போடுவது இன்னும் நடக்கிறது. 2009-இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த பெண்கள் மேற்பார்வையோடு படிப்படியாக எடை தூக்கியபோது வீக்கம் கூடவில்லை. திடீரென வீங்கும் தொல்லை குறையவே செய்தது. தொடக்க வாரங்களில் கவனம் தேவைதான், ஆனால் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும்.

சில மருந்துகள் தனி எச்சரிக்கை கேட்கின்றன. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய முதல் சில நாட்களில் குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை இறுகி, மூச்சே நின்றுவிடுமோ என்ற உணர்வு வரலாம். அந்நாட்களில் வெதுவெதுப்பான நீரே நல்லது. பேக்ளிடாக்ஸலால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. முதுகெலும்புக்கு நோய் பரவியிருந்தால் குனிந்து முறுக்கும் ஆசனங்கள் எலும்பை முறித்துவிடலாம்.

உடற்பயிற்சியைச் சிகிச்சைக்கு மாற்றாக நினைப்பதும் மிகுந்த கேடு தரும். 2025-இல் வெளியான சேலஞ்ச் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரில், மூன்றாண்டு முறையான பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 90 விழுக்காட்டினரும், அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 83 விழுக்காட்டினரும் எட்டு ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தார்கள். பெரிய நம்பிக்கை தரும் முடிவு இது. ஆனால் அவர்கள் அனைவரும் உரிய சிகிச்சையை முடித்தவர்கள்.

நடந்தால் வந்து, சில நிமிடம் உட்கார்ந்தால் அடங்கும் மூச்சிரைப்பைப் படிப்படியான பயிற்சியால் குறைக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே வரும் இரைப்பு, திடீரென்று தொடங்கியது, நாளுக்கு நாள் கூடுவது, மல்லாந்து படுக்க முடியாமல் செய்வது ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. ஒரு கால் மட்டும் வீங்கி மார்பில் வலித்தால் நுரையீரலில் இரத்தக்கட்டி இருக்கலாம். மார்புக்குக் கதிர்வீச்சு முடிந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ வறட்டு இருமலுடன் மூச்சிரைத்தால் நுரையீரல் அழற்சி இருக்கலாம். பிளியோமைசினும் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் சில இம்யூனோதெரபி மருந்துகளும் நுரையீரலைத் தாக்கக்கூடியவை; டாக்ஸோரூபிசினும் டிராஸ்டுசுமாபும் இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அடுத்த கீமோ தேதியில் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். பக்கத்திலுள்ள வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், எந்த மருந்து ஏறியது, கடைசியாக எந்தத் தேதியில் ஏறியது, கதிர்வீச்சு எந்த இடத்தில் தரப்பட்டது என்ற மூன்று விவரங்களும் எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோய், அங்குள்ள மருத்துவரிடம் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும்.