பெரிய டிஸ்க்கிலிருந்து சின்ன எஸ்எஸ்டிக்கு: குளோன் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாறு வருடப் பழைய லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்றால் முதலில் மாற்ற வேண்டியது ஹார்ட் டிஸ்க்கைத்தான். உள்ளே இருப்பது 1 டிபி, கைக்கு அடக்கமான விலையில் கிடைப்பது 240 அல்லது 480 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். விண்டோஸை மறுபடி நிறுவி ஒவ்வொரு மென்பொருளாகப் போடப் பொறுமை இல்லாதவர்கள் குளோன் செய்யலாம், அதாவது விண்டோஸோடு சேர்த்து எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுக்கலாம் என்று இறங்குவார்கள். சிறியதிலிருந்து பெரியதற்குப் போவது சுலபம். பெரியதிலிருந்து சிறியதற்கு வரும்போது ஏதாவது ஒரு கட்டத்தில் பழைய டிஸ்க்கிலேயே கை வைக்க வேண்டி வரலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. புது டிஸ்க்கில் தவறு நடந்தால் திரும்பச் செய்துகொள்ளலாம். பழையதில் நடந்தால் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் போய்விடும்.

கணக்கில் இருந்து தொடங்குவோம். அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணும் விண்டோஸ் காட்டும் எண்ணும் ஒன்றல்ல. 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். 240 ஜிபி எஸ்எஸ்டி 223 ஜிபிதான். "என்னிடம் 230 ஜிபி டேட்டா இருக்கிறது, 240 வாங்கினால் போதும்" என்று கடைக்குப் போகாதீர்கள். எஸ்எஸ்டியை முட்ட முட்ட நிரப்பினால் வேகம் குறையும், விண்டோஸ் அப்டேட்டுக்கும் இடம் இருக்காது. 223 ஜிபியில் 180க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சி டிரைவை மட்டும் பார்த்துவிட்டு டி டிரைவை மறந்துவிடுகிறார்கள். முழு டிஸ்க்கையும் குளோன் செய்வதானால் எல்லா பார்ட்டிஷன்களிலும் (டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகள்) இருப்பதைக் கூட்ட வேண்டும்.

டேட்டா அதிகம் என்றால் படங்களையும் வீடியோக்களையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றுவோம். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். டெஸ்க்டாப்பில் இருந்த ஒரு ஃபோல்டரை பென்டிரைவில் போட்டேன். ஒரு நொடியில் முடிந்தது. ஏன் இவ்வளவு வேகம் என்று யோசிக்காமல், டி டிரைவில் இருந்த மூல ஃபோல்டரை அழித்துவிட்டேன். பென்டிரைவில் போயிருந்தது ஷார்ட்கட் மட்டும், 2 கேபி. நான்கு வருடப் படங்களில் பாதியைத்தான் மீட்க முடிந்தது. அதனால் சொல்கிறேன்: நகலெடுத்த ஃபோல்டரில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள். அப்புறம் அழியுங்கள்.

அடுத்தது மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது. செக்டார் பை செக்டார் என்ற முறை, காலி இடம் உட்பட ஒவ்வொரு செக்டாரையும், அதாவது டிஸ்க்கின் ஒவ்வொரு சிறு துண்டையும், அப்படியே நகலெடுக்கும். சின்ன டிஸ்க்குக்கு அது சரிவராது. அந்தப் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபைல் உள்ள இடங்களை மட்டும் படித்து, பார்ட்டிஷனை நகலெடுக்கும்போதே சுருக்கித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. பல எஸ்எஸ்டி நிறுவனங்கள் தங்கள் டிஸ்க்குக்கென்றே இலவசமாகத் தருகின்றன. என் கருத்தில் இதுதான் முதல் தேர்வு, ஏனென்றால் பழைய டிஸ்க்கைத் தொடவே வேண்டாம்.

குளோன்சில்லா என்ற இலவச குளோன் மென்பொருள் நல்ல கருவிதான், ஆனால் இந்த வேலைக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். புது டிஸ்க் சிறியதாக இருந்தால் வழக்கமான முறையில் அது மறுத்துவிடும். நிபுணர் முறையில் அளவுச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன் பழைய டிஸ்க்கில் பார்ட்டிஷன்களைச் சுருக்கி வைத்திருக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து சி டிரைவைச் சுருக்க ஷ்ரிங்க் கொடுக்கிறீர்கள். 931 ஜிபியில் 140தான் நிரம்பியிருக்கிறது. ஆனாலும் பாதி அளவுக்கு மேல் சுருக்க முடியாது என்கிறது. டிஸ்க்கின் நடுவில் எங்கோ ஓர் அசையாத ஃபைல் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தாண்டி விண்டோஸ் சுருக்காது. பெரும்பாலும் அது பேஜ் ஃபைலாகவோ (ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்துவது), ஹைபர்னேஷன் ஃபைலாகவோ (கம்ப்யூட்டரை உறங்க வைக்கும்போது நிலையைச் சேமிப்பது), ரெஸ்டோர் பாயின்ட்டாகவோ (விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பச் சேமித்தது), விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸின் சொந்த அட்டவணையாகவோ இருக்கும். எது என்று தெரிய, நடந்ததை எல்லாம் விண்டோஸ் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய் 259 என்ற எண்ணுள்ள பதிவைப் பாருங்கள். தடுத்த ஃபைலின் பெயர் அதில் இருக்கும். ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், ரெஸ்டோர் பாயின்ட்டை உருவாக்கும் சிஸ்டம் ப்ரொடெக்ஷன் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயன்றால் பெரும்பாலும் இறங்கி வரும். குளோன் முடிந்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் திரும்பப் போட மறக்காதீர்கள்.

சி சுருங்கிவிட்டது என்று நிம்மதி அடையும் நேரத்தில் இன்னொரு சிக்கல் காத்திருக்கும். விண்டோஸைப் பழுதுபார்க்கும் கருவிகள் உள்ள ரெக்கவரி பார்ட்டிஷன் பெரும்பாலும் டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். சி 200 ஜிபியாகச் சுருங்கினாலும் அது மட்டும் 930வது ஜிபி பக்கத்தில் தனியாக நிற்கும். 223 ஜிபி டிஸ்க்கில் அந்த இடமே கிடையாது. ஜிபார்ட்டட் என்ற இலவச பார்ட்டிஷன் மென்பொருள் கொண்டு அதை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். பார்ட்டிஷனை நகர்த்தும்போது கரண்ட் போனால் உள்ளே இருப்பது நாசமாகிவிடும், அதனால் பேட்டரி நிறைந்த லேப்டாப்பில், சார்ஜரும் செருகிய நிலையில் செய்யுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது.

சி டிரைவை மட்டும் குளோன் செய்துவிட்டு "பூட் ஆகவில்லை" என்று தவிப்பவர்களும் நிறையப் பேர். யூஇஎஃப்ஐ முறையில் (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது) இயங்கும் கம்ப்யூட்டரில், விண்டோஸை எழுப்பும் ஃபைல்கள் 100 எம்பி அளவுள்ள ஒரு குட்டி இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும். சி, டி போன்ற எழுத்துப் பெயர் இல்லாததால் கண்ணில் படாது. அதையும் சேர்த்துத்தான் குளோன் செய்ய வேண்டும்.

டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைப் போட்ட நினைவே இல்லாவிட்டாலும் செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டிருக்கும். பூட்டிய பார்ட்டிஷனை வெளியிலிருந்து பூட் செய்யும் கருவிகளால் படிக்க முடியாது, சுருக்கவும் முடியாது. என்கிரிப்ஷனை முழுதாக நீக்கிவிட்டு ஆரம்பியுங்கள், பல மணி நேரம் ஆகலாம். பூட்டைத் திறக்க உதவும் ரெக்கவரி கீயை முதலில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்க்கில் கடகட சத்தம் வந்தாலோ, டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் அல்லது சிவப்பு நிறம் காட்டினாலோ, சுருக்கும் வேலையையே விட்டுவிடுங்கள். நோய்வாய்ப்பட்ட டிஸ்க்கில் நூறு ஜிபியை அங்கும் இங்கும் நகர்த்துவது அதைக் கொன்றுவிடும். முதலில் முக்கியமான ஃபைல்களை வெளியே எடுங்கள், புது எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

எல்லாம் தயார். குளோன் பொத்தானை அழுத்தும் முன் எது மூலம், எது இலக்கு என்று ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்களை நம்ப வேண்டாம், யூஎஸ்பியில் செருகும் வரிசையைப் பொறுத்து அவை மாறக்கூடும். அளவைப் பாருங்கள்: 931.51 ஜிபி என்பது பழையது, 223.57 ஜிபி என்பது புதியது. "இலக்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்" என்ற எச்சரிக்கை 223.57 பக்கம் மட்டுமே வர வேண்டும்.

முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதை மட்டும் பூட் செய்து பாருங்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால், ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடலாம். அல்லது பழையதிலிருந்தே பூட் ஆகி, புதியது ஓடுகிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். சரி, புதியது தனியாக ஓடுகிறது. அந்த உற்சாகத்தில் பழையதை ஃபார்மேட் செய்து மருமகனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதன்மேல் தேதி எழுதிய காகிதத்தை ஒட்டி ஒரு மாதமாவது அலமாரியில் வையுங்கள். அதற்குள் டேலி கணக்கு, ஸ்கேன் செய்த பத்திரம், பழைய மெயில் என்று நீங்கள் வழக்கமாகத் தொடும் ஒவ்வொன்றையும் புது டிஸ்க்கில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.